குளிப்பாட்டிய சிக்னல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சண்டை போடும் மூடில் எழுதியது. தொலைதூர வானொலி நிலையம் ஒன்றை ராத்திரி கண் விழித்துப் பிடிக்கிறார்கள். பதிவு செய்கிறார்கள். அதுவரை சந்தோஷம். அப்புறம் அந்தப் பதிவைக் கணினியில் ஏற்றி, இரைச்சல் நீக்கியில் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, பொட்டு வைத்து, "பாருங்க, எவ்ளோ க்ளியரா கேட்குது!" என்று நிலையத்துக்கும் நண்பர்களுக்கும் அனுப்புகிறார்கள். குளிப்பாட்டுவதில்கூட எனக்கு ஆட்சேபணை இல்லை. மூலப் பதிவை அழித்துவிட்டு, குளிப்பாட்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, அதையே "நான் கேட்டது இதுதான்" என்று சாட்சிக்கு நிறுத்துகிறார்கள் பாருங்கள், அதற்குப் பெயர் பொழுதுபோக்கு இல்லை. ஜோடிப்பு.

நம்ம வகுப்பு மக்களுக்காக ஒரு விளக்கம். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். டிஎக்ஸ் என்பது 'தூரம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லுக்குத் தந்திக்காரர்கள் வைத்திருந்த சுருக்கம். தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிப்பது டிஎக்ஸிங். பகலில் மத்திய அலையில் கிட்டத்தில் இருக்கும் நிலையங்கள் மட்டும்தான் கேட்கும். அயனி மண்டலத்தின் அடியில் டி அடுக்கு என்று ஒன்று இருக்கிறது, அது பகல் முழுக்க இந்த அலைகளை விழுங்கிக்கொண்டிருக்கும். சூரியன் மறைந்ததும் அது கரைந்துபோகும். பிறகு அலைகள் மேல் அடுக்குகளில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். இதில் கரைகண்டவர்கள் பின்லாந்துக்காரர்கள். குளிர்காலத்தில் லாப்லாந்தின் இனாரி பக்கம் போய் ஒரு குடிலில் உட்கார்ந்துகொண்டு, காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பி இழுத்து, அமெரிக்காவின் உள்ளூர் நிலையங்களைப் பிடிப்பார்கள். (அந்தக் கம்பிக்குப் பெயர் பெவரேஜ் ஆன்டெனா. குடிக்கிற பெவரேஜ் இல்லை, அதைக் கண்டுபிடித்த ஹரால்ட் பெவரேஜ்.) அங்கே அந்த வாரங்களில் சூரியனே எழும்பாது, அதனால் ரேடியோவுக்குப் பகலிலும் ராத்திரிதான்.

பிடித்த பிறகு நிலையத்துக்குக் கடிதமோ மின்னஞ்சலோ எழுத வேண்டும். தேதி, யுடிசி நேரம், அலைவரிசை, என்ன பேசினார்கள், என்ன விளம்பரம் வந்தது, எப்படிக் கேட்டது. அவர்கள் தங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சரியென்றால் கியூஎஸ்எல் அட்டை அனுப்புவார்கள். சிற்றலை கேட்ட வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வண்ண வண்ண அட்டைகள் இருக்கும். இன்றைக்குக் கடிதத்தோடு ஒலிப்பதிவும் போகிறது. பல பேருக்கு ஒலிப்பதிவுதான் முக்கியமே.

ஆக இது ஒரு பற்று வரவு விவகாரம். நான் கேட்டேன் என்பது என் கோரிக்கை. ஒலிப்பதிவு அதற்கான வவுச்சர். வவுச்சரில் ஒயிட்னர் வைத்து அழித்து எழுதலாமா? பி.காம் முதல் வருஷப் பையனிடம் கேளுங்கள்.

இப்போது எதிர்முகாமுக்கு ஒரு குட்டு. டிஎஸ்பி என்றாலே அலர்ஜியாகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். வால்வு ரேடியோ, காது, பேப்பர், பேனா, இதைத் தாண்டி எது வந்தாலும் ஏமாற்று என்பார்கள். அவர்களோடு நான் சேரவில்லை. அமெரிக்க நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் உட்கார்ந்திருக்கின்றன. நம் பக்கமும் ஐரோப்பாவிலும் இடைவெளி 9. அதனால் பின்லாந்தில் உட்கார்ந்து 1490-இல் ஓர் அமெரிக்கச் சின்ன நிலையத்தைத் தேடினால், கீழே 1485, மேலே 1494 என்று இரண்டு பக்கமும் இந்தப் பக்கத்து நிலையங்கள் இடிக்கும். 4, 5 கிலோஹெர்ட்ஸில் விசில் அடிக்கும். குறுகிய ஃபில்டர் போட்டு, விசிலை நாட்ச் பண்ணி, இடிபடாத பக்கத்துச் சைட்பேண்டை மட்டும் எடுத்துக் கேட்டால்தான் ஏதாவது தேறும். அந்தக் காலத்தில் இதைச் சுருளும் படிகமும் செய்தன, இப்போது கூட்டல் பெருக்கல் செய்கிறது. சுருள் செய்தால் புண்ணியம், கணக்கு செய்தால் பாவம் என்றால் அது என்ன நியாயம்?

நான் கோடு கிழிக்கிற இடம் வேறு. என்ன செய்தோம் என்று ஒரு வரியில் எழுதிக் கொடுக்க முடிந்தால் சரி. "கீழ்ச் சைட்பேண்ட், 2.1 கிலோஹெர்ட்ஸ் அகலம், 4 கிலோஹெர்ட்ஸில் ஒரு நாட்ச்" என்று எழுதினால், எது போனது எது தங்கியது என்று படிக்கிறவருக்குத் தெரியும். பதிவின் முதல் விநாடியிலும் கடைசி விநாடியிலும் அது ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். இரைச்சல் நீக்கி அப்படி இல்லை. அது விநாடிக்குப் பல தடவை முடிவெடுக்கிறது. இது பேச்சு, இருக்கட்டும், இது இரைச்சல், போகட்டும் என்று. அந்த முடிவுகளை யாராலும் ஒரு வரியில் எழுதிக் கொடுக்க முடியாது. கேட்கிற வேலையை நான் செய்யாமல் மென்பொருளுக்குக் குத்தகை விட்டுவிட்டு, "நான் கேட்டேன்" என்று கையெழுத்துப் போடுகிறேன். அதுதான் உறுத்துகிறது.

எப்படி முடிவெடுக்கிறது என்று பார்த்தால் இன்னும் உறுத்தும். இதில் ஒரு பழைய முறையை 1979-இல் ஸ்டீவன் போல் என்பவர் எழுதினார், அலைமாலைக் கழித்தல் என்று தமிழில் சொல்லலாம். ஒலியை 20, 30 மில்லிவிநாடித் துண்டுகளாக நறுக்கு. ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சக்தி என்று பார். பேச்சு இல்லாத இடத்தில் இரைச்சல் எவ்வளவு என்று முன்கூட்டியே அளந்து வை. அதைக் கழி. மிச்சத்தை ஒட்டு. இவ்வளவுதான். இரைச்சல் எப்போதும் ஒரே அளவில் இருந்தால் இது அற்புதமான யோசனை. மத்திய அலையில் ராத்திரி இரைச்சல் எப்போதாவது ஒரே அளவில் இருந்திருக்கிறதா? எங்கோ மின்னல் வெட்டும், சிக்னல் ஏறும், மங்கும், பக்கத்து நிலையம் திடீரென்று மேலே வரும். தப்பான அளவைக் கழித்தால் மிச்சம் தப்பாகத்தான் வரும். அங்கங்கே தப்பிப் பிழைத்த துணுக்குகள் கிணிங் கிணிங் என்று சின்னச் சின்ன மணி மாதிரி ஒலிக்கும். இதற்கு இசை இரைச்சல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு யாரோ பேசுகிற மாதிரி சில பதிவுகள் இருக்குமே, அது இதன் உபயம்.

ரேடியோவிலேயே இருக்கிற 'என்ஆர்' பொத்தான் பெரும்பாலும் வேறு வழியில் போகிறது. 1960-இல் விட்ரோவும் ஹாஃபும் கொடுத்த எல்எம்எஸ் முறையின் வாரிசு அது. முந்தின மாதிரிகளை வைத்து அடுத்த மாதிரியை ஊகிக்கும். ஊகிக்க முடிந்தது சிக்னல், முடியாதது இரைச்சல். உயிரெழுத்துகள் சீராக அதிர்கிற ஒலிகள், ஊகிக்கலாம். ப, ட, க மாதிரி வெடித்து வரும் மெய்கள்? சில மில்லிவிநாடி வெடிப்பு, சக்தி குறைவு, எல்லா அதிர்வெண்ணிலும் சிதறிக் கிடக்கும். அதாவது இரைச்சலின் ஜாடை அப்படியே. எந்த வழியில் போனாலும் முதல் பலி மெய்யெழுத்துதான்.

மெய்யெழுத்து போனால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்கலாம். பாட்டு கேட்கிறவருக்கு ஒன்றும் ஆகாது. டிஎக்ஸருக்கு மெய்யாகவே குடி முழுகும். அமெரிக்காவில் ஒவ்வொரு நிலையமும் மணிக்கு ஒரு தடவை தன் அழைப்பெழுத்துகளையும், அதைத் தொடர்ந்து உரிமம் பெற்ற ஊரின் பெயரையும் சொல்லியாக வேண்டும், எஃப்சிசி விதி. மூன்று அல்லது நான்கு எழுத்து. மணி அடிக்கும் அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பது. 1230, 1240, 1340, 1400, 1450, 1490 என்று ஆறு அலைவரிசைகள் சின்ன நிலையங்களுக்கு. 1 கிலோவாட்டுக்கு மேல் கூடாது. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்று கத்திக்கொண்டிருக்கும். ஓர் எழுத்து மாறினால் நிலையமே வேறு, மாநிலமே வேறு.

அந்த எழுத்துகளின் லட்சணத்தைப் பாருங்கள். ஆங்கில அகரவரிசையில் இரண்டாவது எழுத்தையும் பதினாறாவது எழுத்தையும் நாம் தமிழில் 'பி' என்றுதான் எழுதுகிறோம். நான்காவதும் இருபதாவதும் நமக்கு 'டி'. நம் எழுத்தில் வேறுபாடு தெரியாது, வாயில் தெரியும். வாயிலும் அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது என்றால், 'ஈ' என்ற நீட்டலுக்கு முன்னால் வரும் அந்தக் குட்டி வெடிப்பில் மட்டும். இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் விமானிகள் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துக்கு ஒரு சொல் வைத்துக்கொண்டார்கள். வானொலி அறிவிப்பாளர் பிராவோ சொல்ல மாட்டார். வெறும் 'பி'தான் சொல்வார். குளிப்பாட்டிய பதிவில் அது 'ஈ' என்று வரும். அழகாக, சுத்தமாக, இரைச்சலே இல்லாமல் 'ஈ'. கேட்கிறவர் தனக்குப் பிடித்த மெய்யைப் போட்டுக்கொள்ளலாம் :-)

"இல்லையே, இரைச்சல் போனதும் எனக்கு நல்லாப் புரியுதே" என்பவர்களுக்கு ஒரு ஆராய்ச்சி. 2007-இல் யி ஹூ, ஃபிலிப்போஸ் லோய்ஸோ என்ற இருவர் எட்டு இரைச்சல் குறைப்பு முறைகளை எடுத்து, சாதாரணக் காது உள்ளவர்களிடம் வாக்கியங்களைப் போட்டுக் காட்டிச் சோதித்தார்கள். ஏதோ ஒரே ஒரு சூழலைத் தவிர வேறு எதிலும் வாக்கியங்கள் கூடுதலாகப் புரியவில்லை. கேட்க இதமாக இருப்பது ஒன்று, சொல் பிடிபடுவது வேறொன்று. நாம் இதத்தைத் தெளிவு என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதைவிட எனக்குப் பிடித்தது ரிச்சர்ட் வாரன் 1970-இல் செய்து காட்டிய வேலை. ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லுக்கு நடுவே ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு இருமலை ஒட்டினார். கேட்டவர்களுக்கு ஒலி போனதே தெரியவில்லை, முழுச் சொல்லும் கேட்டது என்றார்கள். இருமலுக்குப் பதில் மௌனத்தை வைத்தபோது ஓட்டை உடனே தெரிந்தது. அதாவது இரைச்சல் இருக்கும் இடத்தில் மூளை தானே ஒட்டுப் போட்டுக்கொள்ளும். இரைச்சலை வழித்தெடுத்து மௌனம் வைத்தால் அந்த ஒட்டும் போடாது. காதுக்குள்ளேயே கோடிக்கணக்கான வருஷப் பரிணாமம் கொடுத்த டிஎஸ்பி இருக்கிறது, அதற்கு இரைச்சல் வேண்டும்.

இதே ஆய்வு என் எதிர்க்கட்சிக்கும் ஆயுதம்தான், மறைக்கவில்லை. மூளை ஒட்டுப் போடும் என்றால் மூலப் பதிவைக் கேட்கிறவனும் இல்லாததைக் கேட்கலாம் அல்லவா? தாராளமாக. கான்ஸ்டன்டின் ராடிவ் என்ற லாட்வியர் 1960-களில் ரேடியோ இரைச்சலையும் ஒலிநாடாவையும் வைத்துக்கொண்டு, செத்தவர்கள் பேசுகிறார்கள் என்று ஆயிரக்கணக்கில் குரல்களைச் சேகரித்தார், புத்தகமே போட்டார். ராத்திரி மூன்று மணிக்கு, பட்டியலில் இன்ன நிலையம் வரலாம் என்று படித்துவிட்டு உட்கார்ந்தால் நாமும் குட்டி ராடிவ்தான். ஆனால் மூலப் பதிவு இருந்தால் பட்டியலைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து, "உனக்கு என்ன கேட்குது?" என்று கேட்கலாம். பேய் போய்விடும். குளிப்பாட்டியதைக் கொடுத்தால் என் முடிவும் மென்பொருளின் முடிவும் அதில் ஏற்கெனவே ஊறியிருக்கும். அவர் என்ன சொன்னாலும் அது சாட்சி இல்லை.

இப்போது கதை இன்னும் முற்றிவிட்டது. நியூரல் நெட்வொர்க் இரைச்சல் நீக்கிகள் வந்துவிட்டன. ஜான்-மார்க் வலான் 2017-இல் வெளியிட்ட ஆர்என்நாய்ஸ் ஒரு ஆரம்பம். அது கழிக்கத்தான் செய்தது, எந்தப் பட்டையை எவ்வளவு குறைப்பது என்று மட்டும் பயிற்சியில் கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த சில, கழிப்பதோடு நிற்காமல் பேச்சைத் திரும்ப உருவாக்கியே கொடுக்கின்றன. மனிதப் பேச்சு எப்படி இருக்கும் என்று லட்சக்கணக்கான வாக்கியங்களில் படித்துவிட்டு, "இந்த இடத்தில் இப்படித்தான் பேசியிருப்பார்" என்று எழுதிக் கொடுக்கும். வீடியோ மீட்டிங்கில் பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தை மறைக்க அது போதும். இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும் நான்கு எழுத்தை அதனிடம் கொடுத்தால், சொல்லப்படாத மெய்யையும் சுத்தமான உச்சரிப்பில் வைத்துத் தரும். பழைய முறை மெய்யைத் தின்றது, இது புதிதாகச் சமைத்துப் பரிமாறுகிறது.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் ஜெராக்ஸ் கதையைப் பாருங்கள். 2013-இல் டேவிட் க்ரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிவியலாளர் ஒரு கட்டட வரைபடத்தை அந்த நிறுவனத்தின் வொர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தார். 21.11 சதுர மீட்டர் என்றிருந்த அறை 14.13 என்று வந்தது. 17.42-ம் 14.13 ஆகிவிட்டது. எழுத்து மங்கவில்லை, பிசிறவில்லை, கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. கோப்பைச் சுருக்குவதற்காக ஒன்றைப் போல் இன்னொன்று இருக்கும் துண்டுகளை ஒரே துண்டாக எண்ணிக்கொண்டு அதையே எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கிறது ஜேபிக்2 என்ற சுருக்கமுறை. மங்கலாக வந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். தெளிவாக வந்ததால்தான் ஆபத்து. கையில் மூலக் காகிதம் இருந்ததால் கண்டுபிடிக்க முடிந்தது. காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஸ்கேனை மட்டும் வைத்திருந்த அலுவலகங்களை நினைத்துப் பாருங்கள்.

இரைச்சல் வெறும் குப்பை என்ற நினைப்பே முதலில் தப்பு. அறிக்கையில் சின்போ என்று ஐந்து எண் போடுகிறோமே, சிக்னல் வலிமை, குறுக்கீடு, இரைச்சல், பரவலில் தடுமாற்றம், மொத்தத் தரம், ஒவ்வொன்றுக்கும் 5 வரை. அதில் மூன்றாவது எண் இரைச்சலுக்கே. நிலையத்தின் பொறியாளர் தெரிந்துகொள்ள விரும்புகிற விஷயம் அது. இரைச்சலுக்கு 2 என்று எழுதிவிட்டு இரைச்சலே இல்லாத ஒலிக்கோப்பை இணைத்தால் அவர் எதை நம்புவார்? எண்ணையா, கோப்பையா?

அடியில் ம்ம்ம் என்று ஒலிக்கும் மின்சார ஹம்மையும் எடுத்துக்கொள்ளுங்கள். அழகியல் ரீதியில் அது சனியன்தான். ஆனால் மின்தொகுப்பின் அதிர்வெண் சரியாக 50-இல் நிற்காமல் துளித்துளியாக ஏறி இறங்கும், அந்த ஏற்ற இறக்கம் தொகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் ஒரே மாதிரி இருக்கும். இதை வைத்து ஒரு ஒலிப்பதிவு எப்போது எடுக்கப்பட்டது என்று சொல்ல முடியும் என்பதால், லண்டன் மாநகரக் காவல்துறையின் தடயவியல்காரர்கள் ஹம்மை வருஷக்கணக்கில் தொடர்ந்து பதிந்து சேர்த்தார்கள். நாம் முதல் வேலையாகக் கழுவுவது அதைத்தான்.

ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையம் இருந்தால் இரண்டின் ஊர்தி அலைகளும் சில ஹெர்ட்ஸ் விலகியிருக்கும், ஒலி அதற்கேற்ப வப் வப் வப் என்று துடிக்கும். அந்தத் துடிப்பை எண்ணினால் அடியில் இன்னொருவர் இருக்கிறார் என்பதும், அவர் எவ்வளவு விலகியிருக்கிறார் என்பதும் தெரியும். எந்த நிலையத்தின் ஊர்தி அலை எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஹெர்ட்ஸின் பத்தில் ஒரு பங்கு வரை அளந்து பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள் சில புண்ணியவான்கள். பேரே சொல்லாத நிலையத்தைக்கூட அதை வைத்து ஊகிக்கலாம். குளிப்பாட்டிய எம்பி3-இல் அந்தத் துடிப்பைத் தேடினால் மென்பொருளின் துடிப்புதான் கிடைக்கும்.

இந்த இடத்தில் கார்ல் ஜான்ஸ்கியைச் சொல்லாமல் போக முடியாது. பெல் ஆய்வகத்தில் அவருக்குக் கொடுத்த வேலை, கடல் தாண்டிய வானொலித் தொலைபேசிக்கு இடைஞ்சல் தரும் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. 20.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு பெரிய சுழலும் ஆன்டெனா. பக்கத்து இடி மின்னல் ஒரு வகை, தூரத்து இடி மின்னல் இன்னொரு வகை, இரண்டிலும் சேராத மெல்லிய 'ஸ்ஸ்ஸ்' ஒன்று. அது தினமும் 4 நிமிடம் முன்னதாக வந்தது. சூரியனைப் பின்பற்றாமல் நட்சத்திரங்களைப் பின்பற்றியது. 1933-இல் அது பூமிக்கு வெளியிலிருந்து வருகிறது என்று எழுதினார், பால்வீதியின் மையத்துப் பக்கத்திலிருந்து. ரேடியோ வானியல் பிறந்தது அந்த 'ஸ்ஸ்ஸ்'இல். அவரிடம் ஓர் 'என்ஆர்' பொத்தான் இருந்திருந்தால் அழுத்தியிருப்பார், பாவம், வேலையே அதுதானே.

சரி, நம்ம துறைக்கு வருவோம். 2023 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் கம்பெனிகள் கணக்கு எழுதும் மென்பொருள் எதுவானாலும் அதில் ஆடிட் டிரெயில் இருக்க வேண்டும் என்பது சட்டம். எந்தப் பதிவை, எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்று ஒவ்வொரு மாற்றமும் பதிவாக வேண்டும், அந்த வசதியை அணைக்கவும் முடியக்கூடாது. மாற்றாதே என்று சட்டம் சொல்லவில்லை. மாற்று, ஆனால் முன்னால் இருந்தது தெரியட்டும். மளிகை மொத்த வியாபாரம் பண்ணுகிற ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட்டுக்கு இருக்கிற ஒழுக்கம், ஆறாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த சிக்னலைப் பிடித்தேன் என்று மார்தட்டுகிற நமக்கு வேண்டாமா?

"அட, இது பொழுதுபோக்கு தம்பி, கோர்ட்டா கேஸா?" என்று கேட்பவர்களைத்தான் எனக்குச் சமாளிக்கவே முடிவதில்லை. ஏனென்றால் பாதி சரி. ஒரு கியூஎஸ்எல் அட்டை தப்பாக வந்தால் உலகம் அழியாது. ஆனால் ரேடியோ நிலையங்கள் மூடிக்கொண்டே போகின்றன. கனடாவின் சர்வதேச ஒலிபரப்பு சிற்றலையை விட்டது 2012-இல். ரேடியோ ஆஸ்திரேலியா 2017 ஜனவரியில். 1941-இல் தொடங்கிய பிபிசி தமிழோசை 2017 ஏப்ரலோடு சிற்றலையில் நின்றது. ஸ்டுடியோவில் என்ன பேசினார்கள் என்பது அவர்களின் காப்பகத்தில் இருக்கலாம். ஆனால் அந்த ஒலி ஒரு கிராமத்து வீட்டில் எப்படி வந்து சேர்ந்தது, எந்த மாதம் மங்கியது, எந்த நிலையம் மேலே ஏறி உட்கார்ந்தது, எவ்வளவு கரகரப்புக்கு நடுவில் காதைத் தீட்டிக்கொண்டு செய்தி கேட்டார்கள் என்பது நிலையத்திடம் இருக்க வாய்ப்பே இல்லை. அது கேட்டவரின் கேசட்டில்தான் இருக்கிறது. இப்போது அந்தக் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுகிறவர்கள், மாற்றுகிற கையோடு 'க்ளீன்' பண்ணிவிட்டு கேசட்டைக் குப்பையில் போடுகிறார்கள். வயிறு எரிகிறது. திரும்ப எடுக்கவே முடியாத ஒரே பொருள் அது. இன்றைக்கு இருக்கும் இரைச்சல் நீக்கியைவிட நல்லது இன்னும் பத்து வருஷத்தில் வரும், அப்போது அதற்குக் கொடுக்க மூலம் வேண்டாமா?

அடுத்த சாக்கு, இடம் போதாது. கணக்குப் போடுவோம், அதற்குத்தானே படிக்கிறோம். மத்திய அலை முழுவதையும் எஸ்டிஆரில் அப்படியே பதிய விநாடிக்கு 16 லட்சம் மாதிரி, மாதிரிக்கு 4 பைட். மணிக்கு 23 ஜிபி. மலைக்க வேண்டாம். மணி அடிக்கும் நேரத்துக்கு முன்னால் 2 நிமிடம், பின்னால் 2 நிமிடம் மட்டும் பதிந்தால் மணிக்கு ஒன்றரை ஜிபி. பத்து மணி நேர ராத்திரிக்கு 15 ஜிபி. அதிலும் எதுவும் கிடைக்காத மணிகளைக் காலையில் அழித்துவிடலாம். எஸ்டிஆர் இல்லை, சாதாரண ரேடியோதான் என்றால் இன்னும் சுலபம். விநாடிக்கு 16,000 மாதிரி, 16 பிட், மோனோ, சுருக்காத வேவ் கோப்பு, மணிக்கு 115 எம்பி. கல்யாண ஆல்பத்தை ஃபோனில் அடைத்து வைத்திருக்கிறவர்கள் இந்தச் சாக்கைச் சொல்லக்கூடாது.

நிலையத்தில் இருக்கிறவருக்குக் கரகரப்பான பதிவு புரியாதே என்பது மூன்றாவது. இது நியாயமான கவலை. இரண்டையும் அனுப்புங்கள். சுத்தம் செய்ததற்கு மேல் 'சுத்தம் செய்தது' என்று எழுதுங்கள், எந்த மென்பொருள், என்ன அமைப்பு என்றும் சேர்த்து. நிலையத்துக்காரர் தன் சொந்த நிகழ்ச்சியைத் தன் சொந்த அறிவிப்பாளர் குரலில் கேட்கிறார், நம்மைவிட அவருக்கு இரைச்சலுக்குள் நன்றாகப் பிடிபடும்.

கேட்காமலே குளிப்பாட்டுகிற ரேடியோக்கள் தனி ரகம். சட்டைப்பையில் அடங்கும் டிஎஸ்பி ரேடியோக்கள் பலவற்றில் சிலிக்கான் லேப்ஸின் எஸ்ஐ4734 வகைச் சில்லு இருக்கிறது. அந்தச் சில்லில் சாஃப்ட் மியூட் என்று ஒரு வசதி. சிக்னல் இரைச்சலைவிடப் போதிய அளவு மேலே இல்லையென்றால் ஒலியையே தணித்துவிடும். நகரத்தில் எஃப்எம் கேட்கிறவருக்கு நிலையத்துக்கு நிலையம் தாவும்போது கரகரப்பு இருக்காது, சௌகரியம். டிஎக்ஸருக்கு, சிக்னல் மங்குகிற அந்த நொடியில், காதைத் தீட்ட வேண்டிய அந்த நொடியில், ரேடியோ வாயைப் பொத்திக்கொள்ளும். இதை எவ்வளவு கடுமையாக வைப்பது என்று தயாரிப்பாளர் தீர்மானிக்கலாம். டிஎக்ஸர்கள் வாங்குகிற மாடல் என்று தெரிந்தே விற்கிறவர்களாவது மெனுவில் அதை அணைக்க ஒரு வழி வைத்தால் என்ன, கை தேய்ந்தா போகும்?

என்னிடம் இப்போது நடக்கிற ஏற்பாடு இவ்வளவுதான். 'மூலம்' என்று ஒரு ஃபோல்டர், பதிந்தவுடன் ரீட்-ஒன்லி. கோப்பின் பெயரிலேயே யுடிசி நேரமும் அலைவரிசையும். கூடவே ஒரு சின்ன உரைக்கோப்பு, எந்த ரேடியோ, எந்தக் கம்பி, எந்த ஃபில்டர், அறையில் எந்த எல்இடி பல்பு எரிந்தது என்பது வரை. 'விளையாட்டு' என்று இன்னொரு ஃபோல்டர், அதில் பிரதியைப் போட்டு என்ன இரைச்சல் நீக்கியையும் இஷ்டத்துக்கு ஓட்டுகிறேன், ஜாலியாகத்தான் இருக்கிறது. 'விளையாட்டு' ஃபோல்டரில் மட்டும் கேட்டு 'மூலம்' ஃபோல்டரில் கேட்காத எந்த அழைப்பெழுத்தையும் நோட்டில் ஏற்றுவதில்லை. கேள்விக்குறி போட்டு ஓரத்தில் எழுதி வைக்கிறேன், நம்ம சஸ்பென்ஸ் அக்கவுண்ட் மாதிரி.

மறுப்பு இருப்பவர்கள் தாராளமாக வரலாம். "என் பதிவைக் கேட்டுப் பார், அப்புறம் பேசு" என்று வருகிறவர்கள் மட்டும் தயவுசெய்து வேவ் கோப்போடு வரவும். 32 கேபிபிஎஸ் எம்பி3 வேண்டாம், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.